முன் அச்சின் எடை

எங்கள் காகித ஆலையின் வெளிவாசலை ஒட்டி எடைமேடை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஓர் அறை. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் வெளியே நின்றுதான் மூச்சுவிட வேண்டும். அதற்குள் ஒரு மேசை, எண் காட்டும் பெட்டி, சீட்டு அடிக்கும் சின்ன இயந்திரம், வெளியே ஒலிபெருக்கியோடு இணைத்த ஒரு மைக், அப்புறம் நான். நான்கு வருடமாக அந்த மைக்கை நான் தொட்டதில்லை. சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினால் போதும், பேசத் தேவையில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

மேடை குட்டையானது. முழு வண்டியும் அதில் ஏறாது. முதலில் முன் சக்கரங்கள் மட்டும் ஏறி நிற்கும். அது முன் அச்சின் எடை. பிறகு இழுவை வண்டியின் பின்பக்கத்து இரண்டு அச்சுகள். கடைசியில் டிரெய்லரின் மூன்று அச்சுகள். சீட்டில் மூன்று வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இதற்கு மேல் கூடாது' என்று ஓர் அளவு. முன் அச்சுக்கு 7,000 கிலோ, பின் அச்சுகளுக்கு 18,000. மூன்று வரியும் அளவுக்குள் இருந்தால்தான் காவலர் கதவைத் திறப்பார்.

ஒருமுறை பாட்டுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவருக்குப் பின் அச்சுகளில் 18,020 வந்தது. "இருபது கிலோதானேம்மா, அது என் தொப்பை" என்றார். முடியாது என்று தலையை ஆட்டினேன். கேபினுக்குப் பின்னால் கட்டியிருந்த தண்ணீர் டிரம்மைக் காலி செய்தார், சங்கிலிகளை இறக்கினார், கடைசியில் ஒரு பழைய டயரையும் உருட்டிவிட்டார். 17,960 வந்ததும் சீட்டைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கிராம். "கிராம்கிட்ட ஒரு கிராம்கூட ஏமாத்த முடியாது" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வெளியே இருந்த எண்பலகை எரிந்துபோய் மூன்று மாதமான பிறகும், யாரும் உள்ளே எட்டி எண்ணைச் சரிபார்த்ததில்லை. நான் எழுதியதுதான் எடை.

என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அத்தான், அக்காவின் கணவர். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நான் கட்டிலோடு ஒட்டிக் கிடந்த நாட்களில் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் மட்டும், "எண்ணு ஒழுங்கா எழுதுவல்ல? அப்ப வா" என்று கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் இதே ஆலையின் டிரெய்லர் டிரைவர்தான். ஹாரன் என்று அவரைக் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை என்பதால் வைத்த பெயர். வாரத்துக்கு இரண்டு முறை காகித உருளைகளை ஏற்றிக்கொண்டு, பதினான்கு வளைவு மலைச்சாலையில் இறங்கித் துறைமுகத்துக்குப் போவார். நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன்.

அவர் வண்டியின் எண்கள் எனக்கு மனப்பாடம். எப்போதும் ஒரே சரக்கு, ஒரே எண்ணிக்கை உருளைகள். முன் அச்சு 6,420. பின் அச்சுகள் 16,650. பத்து இருபது கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் முன் அச்சு 6,160 என்று வந்தது. பின்னால் அதே 260 கிலோ கூடியிருந்தது. சில வாரம் கழித்து 5,900. பிறகு 5,640.

அவர் தட்டை நகர்த்துகிறார் என்று புரிந்தது. டிரெய்லரின் மூக்கு, இழுவை வண்டியின் முதுகில் இருக்கும் ஒரு கனமான இரும்புத் தட்டின்மேல்தான் உட்காரும். ஐந்தாம் சக்கரம் என்று அதற்குப் பெயர்; ஆனால் அது உருளவும் உருளாது, தரையையும் தொடாது. எங்கள் ஆட்கள் தட்டு என்றுதான் சொல்வார்கள். அது இரண்டு இரும்புச் சட்டங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். சட்டத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். எந்தப் பல்லில் வேண்டுமோ அதில் பூட்டிக்கொள்ளலாம். ஒரு பல் பின்னால் நகர்த்தினால், டிரைவரின் காலடியில் இருக்கும் முன் அச்சிலிருந்து 260 கிலோ கழன்று பின் அச்சுகளுக்குப் போய்விடும். மொத்த எடை மாறாது. யார் சுமக்கிறார்கள் என்பதுதான் மாறும்.

பின் அச்சுகளில் எடை அதிகமானால் தட்டை முன்னால் தள்ளுவார்கள், முன்னால் அதிகமானால் பின்னால். எல்லாம் சரியாக இருக்கிற வண்டியில் யாரும் தட்டைத் தொடுவதில்லை. அத்தான் தொட்டுக்கொண்டே இருந்தார்.

ஏன் என்பதை நான் வீட்டில்தான் கண்டுபிடித்தேன். எங்கள் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கும். அவர் கைக்கு மட்டும்தான் எட்டும். அதைச் சில மாதங்களாக அவர் போடுவதில்லை. நாற்காலியில் ஏறி அக்கா போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வீட்ல ஆம்பளைக்கு உயரம் மட்டும்தான் இருக்கு, உபயோகம் இல்ல" என்று அவள் கேலி செய்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார். மகள் ஓடிவந்தால் இடது கையால் மட்டும் தூக்கினார். பயணப் பையைப் பரணில் எறிகிறவர், அதைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார். ஒரு நாள் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுக்க வலது கை பாதி வழி வந்து நின்றதைப் பார்த்தேன். பிறகு இடது கை போய் எடுத்துக்கொண்டது. இது எதையும் யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். பேசாமல் இருக்கிறவர்கள் பார்க்கவும் மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்.

அவர் வலது தோள் போய்க்கொண்டிருந்தது. வண்டியோ பழையது. ஸ்டீயரிங்கை லேசாக்கும் பம்ப் பெயருக்குத்தான் வேலை செய்தது. முன்னால் பாரம் குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகும். தோளில் வலி கூடக் கூட அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறார்.

அதில் என்ன தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. மேடையின் ரப்பர் பட்டையை மாற்ற மெக்கானிக் வந்த நாளில் யாருடைய வண்டி என்று சொல்லாமல் கேட்டேன்.

"அண்ணே, முன்னாடி எடை ரொம்பக் கம்மியானா என்ன ஆகும்?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அட, வாய் இருக்கா உனக்கு! கம்மியானா நல்லாதான் இருக்கும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி சுத்தும். காஞ்ச ரோட்டுல ராஜா மாதிரி போகலாம்."

"ஈர ரோட்டுல?"

"ஈர ரோட்டுல வளைவு வரும். நீ ஒடிப்ப, சக்கரமும் ஒடியும். வண்டி மட்டும் நேரா போகும். பின்னாடி இருக்குற பாரம் முதுகுல கை வெச்சுத் தள்ளும்ல? முன்சக்கரம் தரையைப் பிடிச்சாத்தானே திரும்பும்." சுத்தியலை எடுத்துக்கொண்டார். "யாரு வண்டி?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற ஆளா நீ?" என்றார். ஆனால் மேலே கேட்கவில்லை.

அந்த வாரம் அத்தானின் முன் அச்சு 5,380. சீட்டை ஜன்னலில் நீட்டும்போது விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், முன்னாடி கம்மியா வருது."

"உன் தராசுக்குப் பசிக்குது போல."

"போன மாசத்தைவிடக் கம்மி."

"லிமிட் தாண்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம்? கிராமுக்கு இப்ப கிலோவுல வேலை குடுத்துட்டாங்களா?" என்று சிரித்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். அத்தான் குனிந்து, ஜன்னல் கம்பிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் வேறாக இருந்தது. "இங்க பார்க்கிற எண்ணு இங்கேயே இருக்கட்டும். வீட்டுக்குத் தூக்கிட்டு வராத."

நான் சீட்டை விட்டுவிட்டேன்.

அதன் பிறகும் பல வாரங்கள் சீட்டு கொடுத்தேன். ஏன் என்று இப்போது யோசித்தால் பல காரணங்கள் வருகின்றன. சீட்டில் 'இதற்கு மேல் கூடாது' என்று இருந்ததே தவிர, 'இதற்குக் கீழே கூடாது' என்று எங்கும் இல்லை. வண்டியை நிறுத்த எனக்கு ஒரு விதியும் கிடையாது. மேலாளரிடம் சொன்னால் அத்தான் அன்றே வீட்டில் உட்கார்ந்துவிடுவார். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். அக்காவிடம் சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? இதெல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மை, வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்பது.

மழை தொடங்கி மூன்றாவது நாள் காலை, துறைமுகத்திலிருந்து திரும்பிய பாட்டுக்காரர் என் ஜன்னலில் சாய்ந்து தலையைத் துவட்டினார். எப்போதும் ஏதாவது ஒரு மெட்டு அவர் வாயில் இருக்கும். அன்று இல்லை.

"ஆறாவது வளைவுல மேலேருந்து களிமண்ணு வழிஞ்சு கிடக்கு கிராம். ரோடா அது? சோப்பு. ஏறும்போதே ரெண்டு தடவை சக்கரம் வழுக்கிடுச்சு. இறங்குறவன் பாடு சாமிதான் பாக்கணும்."

"இன்னைக்கு யார் இறங்குறாங்க?" என்று கேட்டேன்.

"உங்க அத்தான்தான். அவருக்கென்ன, கண்ணை மூடிட்டு இறங்குவாரு."

பத்து நிமிடத்தில் அத்தானின் வண்டி மேடைக்கு வந்தது. முன் சக்கரங்கள் ஏறி நின்றன. பெட்டியில் எண்கள் ஓடி நின்றன: 5,120. எண்ணைப் பதிக்கும் பொத்தானை அழுத்தினேன். வண்டி நகர்ந்தது. பின் அச்சுகள்: 17,950. மறுபடி அழுத்தினேன். டிரெய்லர் அச்சுகள் சரியாக இருந்தன. இன்னும் ஒரு பல் தள்ளியிருந்தால் அளவைத் தாண்டியிருக்கும். அதற்கு ஐம்பது கிலோ இந்தப் பக்கமே நிறுத்தியிருந்தார். எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

சீட்டு அடிக்கும் பொத்தான் மட்டும் பாக்கி. நான் அதை அழுத்தவில்லை.

வெளியே மழையில் அவர் கேபினில் உட்கார்ந்து காத்திருந்தார். பின்னால் இரண்டு வண்டிகள். காவலர் கதவில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடித்தேன். அது குளிர்ந்திருந்தது. எந்தப் பக்கம் பேசுவது என்றுகூடச் சட்டென்று தெரியவில்லை.

"பின் அச்சு அதிகம்" என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் யாரோ சின்னப் பிள்ளையின் குரல்போல வெளியே கேட்டது. "பதினெட்டாயிரத்து நானூறு. தட்டை ரெண்டு பல் முன்னாடி தள்ளணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக்காரர்தான் முதலில் கைதட்டினார். "அடி சக்கை! கிராம் பேசிடுச்சு! மழை ஏன் நிக்கலைன்னு இப்பதான் தெரியுது."

அத்தான் கேபினிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வந்தார். மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு?"

"பதினெட்டாயிரத்து நானூறு."

"எவ்வளவு?"

நான் மைக்கைக் கீழே வைத்தேன். எண்பெட்டி என் பக்கம் திரும்பியிருந்தது. அழுத்திய மூன்று எண்களும் அதில் வரிசையாக நின்றன. அவர் கொஞ்சம் தலையைச் சாய்த்திருந்தால் 17,950 என்று படித்திருக்கலாம். அவருக்கு அது தேவையில்லை. தட்டை எங்கே பூட்டினோம் என்று அவருக்குத் தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்பது அந்த வளாகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் நான் சொன்னது எடை.

அவர் தலையைச் சாய்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காகிதம் ஈரம் குடிச்சிருக்கும் ஹாரன் அண்ணே" என்றார் பாட்டுக்காரர். "ரெண்டு பல்லுதானே, தள்ளிட்டுக் கிளம்புங்க."

"தள்ளலாம்" என்றார் அத்தான். திரும்பி நடந்தார்.

தட்டை நகர்த்த முதலில் டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பிறகு பூட்டை விடுவிக்க வேண்டும். டிரெய்லர் நின்ற இடத்திலேயே நிற்க, இழுவை வண்டியை மட்டும் மெல்லப் பின்னால் எடுத்தால் தட்டு சட்டத்தில் முன்னால் நழுவும். கேபினில் ஒரு விசையைத் தட்டினால் பூட்டு தானாக விடுபட வேண்டும். அந்த வண்டியில் அது வேலை செய்து வருடமாகிறது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை இழுக்க வேண்டும். அத்தான் அதன் முன் குனிந்தார். இடது கையால் இழுத்தார். அது அசையவில்லை. வலது கையையும் கொண்டுபோனார். விரல்கள் கைப்பிடியைச் சுற்றின, ஆனால் இழுப்பு வரவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

மெக்கானிக் பட்டறையிலிருந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், "நீங்க மேல ஏறி ரிவர்ஸ் எடுங்கண்ணே, இந்தத் துருப்பிடிச்ச சனியனை நான் பாத்துக்கறேன்" என்று கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். பூட்டு விடுபட்டது. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. ஒரு பல். இன்னொரு பல். மெக்கானிக் கையைத் தூக்கினார். பூட்டு விழுந்த சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. பிடிப்பு சரிதானா என்று அத்தான் ஒருமுறை முன்னால் இழுத்துப் பார்த்தார்.

மறுபடி மேடை. முன் அச்சு 5,640. பின் அச்சுகள் 17,430. இந்தத் தடவை பொத்தானை அழுத்தினேன். சீட்டு வந்தது. அத்தானின் இடது கை அதை வாங்கிக்கொண்டது.

இரண்டு பல் போதாது என்று எனக்குத் தெரியும். ஐந்து பல் முன்னால் போனால்தான் பழைய இடம். ஆனால் அதற்கு இன்னும் பெரிய பொய் வேண்டும். அதை யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்சமாவது முன்சக்கரம் தரையைப் பிடிக்கட்டும், ஆறாவது வளைவையாவது தாண்டட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

கதவு திறந்தது. வாசலைத் தாண்டியதும் சாலையில் ஏற வலப்பக்கம் முழுசாக ஒடிக்க வேண்டும். வண்டியின் மூக்கு வெளியே போனது. முன் சக்கரங்கள் பாதி திரும்பின. அப்படியே நின்றன.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் இன்னும் இரண்டு விரல் திரும்பியது, பின் பழைய இடத்துக்கே வந்தது. சாலையில் வந்த ஒரு பேருந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. காவலர் கேபின் கதவைத் தட்டினார். நான் அறையைத் திறந்து போட்டுவிட்டு மழையில் ஓடினேன்.

படியில் ஏறிப் பார்த்தபோது அத்தான் ஸ்டீயரிங்கில் நெஞ்சைச் சாய்த்து, இடது கையால் அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் இழுப்பதை நிறுத்தினார்.

"வரல" என்றார். "கை வரல."

மூன்று மாதத்துக்கு முன் இதே எடையில் இந்தத் திருப்பத்தில் அவர் வெளியே போயிருக்கிறார். நானே பார்த்திருக்கிறேன். தோள் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது அவருக்கும் அந்த நிமிடம்தான் தெரிந்திருக்க வேண்டும். தட்டு ஒவ்வொரு பல்லாக அதை மறைத்துக்கொண்டே வந்திருந்தது.

மெக்கானிக் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். "நகருங்கண்ணே" என்றார். அவ்வளவு மென்மையாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் நகர்ந்து உட்கார்ந்தார். வண்டி பின்னோக்கி உள்ளே வந்தது. பாட்டுக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் வந்து, அன்றைய எடைகளைச் சரிபார்க்க என் இயந்திரத்தின் நினைவகத்தைத் தட்டிப் பார்த்தார். முதல் எடை அதில் இருந்தது. எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுன்னு இருக்கு. பதினெட்டாயிரத்து நானூறுன்னு மைக்ல சொன்னியா?"

"சொன்னேன்."

"தப்பாப் படிச்சிட்டியா?"

"இல்ல. சரியாத்தான் படிச்சேன். பொய் சொன்னேன்."

அவர் அத்தானைப் பார்த்தார். "நீங்க உள்ள எட்டிப் பார்க்கலையா?"

"அவ சொன்னா எதுக்குப் பாக்கணும்?" என்றார் அத்தான். பிறகு, யாரும் கேட்காமலே, தோளைப் பற்றிச் சொன்னார். பத்து மாதம் என்றார். தட்டைப் பற்றியும் சொன்னார். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை வண்டி கிடையாது என்றார். என்னிடம், "இனிமே எண்பெட்டியை ஜன்னல் பக்கமா திருப்பி வை. அவங்கவங்க எடையை அவங்களே படிக்கட்டும்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மாலை இருவரும் ஒரே பேருந்தில் வீட்டுக்கு வந்தோம். எங்கள் தெருமுனையில் இறங்கியதும், "நானே சொல்லிக்கறேன்" என்றார்.

"சரி அத்தான்."

அக்கா கதவைத் திறந்தாள். துறைமுகத்தில் இருக்க வேண்டியவர் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "என்னாச்சு? வண்டி எங்க?"

அவர் நின்றபடியே சொன்னார். சுற்றிவளைக்கவில்லை. தோள், தட்டு, மழை, வாசல். நான் சொன்ன பொய்யையும் சொன்னார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் இடது கையில் தொங்கினாள்.

"பத்து மாசமா?" என்றாள் அக்கா.

"ஆமா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மூணு மாசமா."

"அந்த மூணு மாசமும் இவர் மலை இறங்கினாரா?"

"இறங்கினார்."

"எத்தனை தடவை?"

நான் எண்ண வேண்டியிருக்கவில்லை. "இருபத்தாறு."

"இருபத்தாறு சீட்டும் நீதான் குடுத்த?"

"ஆமாக்கா. எல்லாம் சரியான எடைதான்."

"சரியான எடை" என்றாள் அக்கா. அவள் கத்தவில்லை. அந்த இரண்டு வார்த்தையையும் ஏதோ கையில் வைத்துப் பார்ப்பதுபோல் சொன்னாள். "இன்னைக்கு வந்த வாய் அன்னைக்கு எங்கடி போச்சு?"

"அவளை ஏன்..." என்று அத்தான் தொடங்கினார்.

"நீங்க பேசாதீங்க. ரெண்டு பேரும் பேசாதீங்க. பேசாம இருக்கத்தான் நல்லாத் தெரியுமே உங்களுக்கு."

மழைத் தண்ணீர் எங்கள் இருவரின் காலடியிலும் தேங்கியது. இன்று நான் சொன்ன ஒரு பொய்க்காக மேலாளர் முன் தலைகுனிந்து நின்றேன். இருபத்தாறு உண்மையான சீட்டுகளுக்காக அதுவரை யார் முன்னாலும் நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா உள்ளே போய் ஓர் உலர்ந்த துணியை எடுத்து வந்தாள். மகளை அவர் கையிலிருந்து விடுவித்து உள்ளே அனுப்பினாள். அத்தானின் நனைந்த சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றார். இடது கை சட்டையிலிருந்து வெளியே வந்தது. வலது கை வரவில்லை. தோளுக்குக் கீழே துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இழுத்தபோது அவர் கண்களை மூடினார், பல்லைக் கடித்தார். எவ்வளவு வலி என்பதை அப்போதுதான் முதல்முறையாக ஒளிக்காமல் எங்களுக்குக் காட்டினார்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமலே. "வந்து கையைத் தாங்கிப் பிடி. முழங்கைக்குக் கீழ. தூக்காத, சும்மா தாங்கு."

நான் போய் அவர் கையின் கீழே என் இரண்டு கைகளையும் கொடுத்தேன். அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அக்கா சட்டையை மெல்ல உருவினாள்.